சுத்தத் தண்ணியையே அழுக்குன்னு சொன்ன டிஷ்வாஷர்: கழட்டிப் பாத்த கதை

கத்திரி வெயில் ஆரம்பிச்ச வாரம் தான் இது தொடங்குச்சு. ராத்திரி 9:30க்கு டிஷ்வாஷர்ல (பாத்திரம் கழுவுற மெஷின்) ஆட்டோ புரோகிராம் போட்டா 11:20க்கெல்லாம் பீப் அடிச்சிரும், நாலு வருஷமா அதான் வழக்கம், அந்த பீப் கேட்டா தான் எங்க வீட்ல சமையல் கட்டு லைட்டே அணையும். திடீர்னு பாத்தா 12 ஆகுது, 12:20 ஆகுது, ஸ்கிரீன்ல 0:35ன்னு காட்டிகிட்டிருந்தது கொஞ்ச நேரம் கழிச்சு 0:50ன்னு மேல ஏறுது. டைம் குறையாம ஏறுற மெஷினை அன்னிக்கு தான் பாத்தேன். லோடு ஜாஸ்தி போலன்னு விட்டுட்டேன். அடுத்த நாளும் அதே கதை, அதுக்கு அடுத்த நாளும் அதே கதை. கூடவே டம்ளர் எல்லாம் பால் ஊத்தி கழுவாம காய வெச்ச மாதிரி வெள்ளை வெள்ளையா வர ஆரம்பிச்சுது. வீட்டுக்காரம்மா ஒரு டம்ளரை லைட்டுக்கு எதிர தூக்கிப் புடிச்சு, "ஏங்க, மூணு மணி நேரம் ஓடி இதான் லட்சணமா, நான் கையால போட்டிருந்தா இருபது நிமிஷம்"னு சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

சர்வீஸுக்கு போன் பண்ணினோம். வந்த தம்பி மூடியைத் திறந்தாரு, மூடினாரு, ரெண்டு பட்டனை அமுக்கினாரு, "போர்டு போச்சு சார், ஒம்பதாயிரம் ஆகும், ஒரு வாரத்துல வரவழைக்கலாம்"னாரு. மெஷினோட மூளையா இருக்கிற சர்க்யூட் போர்டைத் தான் சொல்றாரு. எதை வெச்சு போர்டுன்னு சொல்றீங்கன்னு கேட்டேன். "டைம் தப்பா காட்டுதுல்ல சார், அப்ப போர்டு தான்." மீட்டரை பையில இருந்து வெளிய கூட எடுக்கல. அப்ப முடிவு பண்ணேன், ஞாயித்துக்கிழமை நாமளே பாத்துரலாம்னு.

என்னைப் பத்தி ஒரு வரி சொல்லிடறேன், ஏன்னா இந்த கதையில அது வேணும். ராணிப்பேட்டை பக்கம் தோல் கழிவுநீர் சுத்திகரிக்கிற இடத்துல லேப்ல வேலை. தண்ணில கலங்கல் அளக்குறது, கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு இருக்குன்னு) அளக்குறது, டிடிஎஸ் (மொத்தமா கரைஞ்சிருக்கிற உப்பு) அளக்குறது, இது தான் தினப்படி பொழப்பு. வீட்டு மெஷினுக்குள்ளயும் ஒரு குட்டி கலங்கல் மீட்டர் உக்காந்திருக்குன்னு எனக்கு தெரியும், ஆனா நாலு வருஷத்துல ஒரு நாள் கூட அதை நினைச்சுப் பாத்ததில்ல. செருப்பு தைக்கிறவன் கால்ல செருப்பு இல்லாத கதை தான்.

முதல்ல கழட்டாமலே என்ன பண்ண முடியும்னு பாத்தேன். ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் ஒயரோட மேல் தோலை ஒரு சாண் நீளத்துக்கு உரிச்சு ஃபேஸ் ஒயரை மட்டும் தனியா வெளிய இழுத்து (உள் இன்சுலேஷன் மேல கத்தி படவே கூடாது, பட்டா அந்த ஒயரைத் தூக்கிப் போட்டுருங்க) அதுல கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுத்திக் கவ்வி கரண்டை அளக்குறது) மாட்டி, மெஷினை அது வழியா போட்டேன். இதுல ஒரு வசதி என்னன்னா, உள்ள என்ன நடக்குதுன்னு கரண்டே சொல்லிரும். டிரெயின் பம்ப் ஓடும்போது ஒரு அளவு, தண்ணியை மேல அடிக்கிற பம்ப் ஓடும்போது இன்னொரு அளவு, ஹீட்டர் விழுந்தா டபக்குன்னு 8 ஆம்ப் பக்கம் போயிரும். பக்கத்துல ஸ்டூல் போட்டு, நோட்டு, மொபைல்ல கடிகாரம். உள்ள ஒரு பாத்திரம் இல்ல, சோப்பு மாத்திரை இல்ல, ஃபில்டரை முன்னாடியே கழட்டி தேய்ச்சு மாட்டியாச்சு. காலி மெஷின். இதை அழுக்குன்னு சொல்ல யாருக்கும் காரணமே இருக்கக் கூடாது.

நல்லா இருக்கிற ஒரு மெஷின் ஆட்டோவுல எப்படி ஓடும்னு சொல்றேன். முதல்ல பழைய தண்ணியை வெளிய தள்ளும். அப்புறம் வால்வு திறந்து ஒரு நாலு லிட்டர் போல தண்ணி எடுக்கும், அதை ஹீட்டர் போடாம சும்மா சுத்தி சுத்தி அடிக்கும், இது முன் அலசல். ஒரு பத்து நிமிஷம் ஆனதும் பம்பை நிறுத்தி ரெண்டு மூச்சு அமைதியா இருக்கும். அந்த அமைதி தான் முக்கியம், நுரையும் குமிழியும் அடங்கட்டும்னு காத்திருந்து சென்சாரை படிக்குது, ஏன்னா குமிழியும் வெளிச்சத்தை மறைக்கும், குமிழியை அழுக்குன்னு எடுத்துக்கும். தண்ணி தெளிவா இருந்தா அதே தண்ணியை வெச்சுகிட்டே மெயின் வாஷுக்கு போயிரும், நாலு லிட்டர் மிச்சம், அந்த தண்ணியை சூடாக்குற கரண்டும் கொஞ்சம் மிச்சம். கலங்கலா இருந்தா மொத்தத்தையும் கொட்டிட்டு புதுசா எடுக்கும். மெயின் வாஷ் எத்தனை டிகிரின்றதும் இங்க தான் தீர்மானம் ஆகுது, என் மெஷின்ல ஆட்டோன்னா 45ல இருந்து 65 வரைக்கும் எங்க வேணா நிக்கும். கடைசி அலசலுக்கு முன்னாடி திரும்பவும் ஒரு தடவை படிக்கும், அழுக்கு இன்னும் வருதுன்னா இன்னொரு அலசல் சேத்துக்கும். ஸ்கிரீன்ல டைம் ஏறுறது அப்ப தான். அதுல தப்பே இல்ல, மெஷின் மனசை மாத்திக்குதுன்னு அர்த்தம்.

என் மெஷின் அந்த காலி ஓட்டத்துல என்ன பண்ணுச்சுன்னா, 11ஆவது நிமிஷம் நின்னுச்சு, படிச்சுச்சு, மொத்த தண்ணியையும் கொட்டிருச்சு. புதுசா எடுத்துச்சு. ஹீட்டர் விழுந்துச்சு, நிறுத்தவே மாட்டேங்குது, 65 வரைக்கும் போச்சு. அப்புறம் ஒரு அலசல், நின்னு படிச்சுது, திரும்ப ஒரு அலசல், நின்னு படிச்சுது, இன்னும் ஒண்ணு. 2 மணி 52 நிமிஷம். ஒரு ஸ்பூன் கூட இல்லாத மெஷின் தன்னைத் தானே மூணு தடவை அலசிகிட்டு உக்காந்திருக்கு. ஸ்டூல்ல உக்காந்து எனக்கு சிரிப்பு தான் வந்துச்சு. போர்டு போகல, போர்டு ஒழுங்கா யோசிக்குது, அதுக்கு யாரோ பொய் சொல்றாங்க.

பொய் சொல்ல ரெண்டு பேருக்கு வாய்ப்பு. ஒண்ணு சூட்டை சொல்றவன், இன்னொண்ணு கலங்கலை சொல்றவன்.

சூட்டை சொல்றது என்டிசின்னு ஒரு சின்ன தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற இதோட ஓம் இறங்கும். என் மெஷின்ல இருந்தது 25 டிகிரில 10 கிலோ ஓம் காட்டுற வகை. போர்டு அதைப் படிச்சுகிட்டே இருக்கும், சொன்ன டிகிரி வர்ற வரைக்கும் ஹீட்டரோட ரிலேயை (சுவிட்சை) போட்டு வெச்சிருக்கும், வந்ததும் எடுத்துரும், கொஞ்சம் ஆறினா திரும்ப போடும். முக்கியமா, சூடு வராம அடுத்த கட்டத்துக்கு போகாது. அதனால தெர்மிஸ்டர் கெட்டாலும், ஹீட்டர் மேல உப்பு படிஞ்சு சூடு தண்ணிக்குப் போகாட்டியும், டைம் இழுக்கும். அதான் இதை விடாம செக் பண்ணினேன். சமையல் கட்டுல 34 டிகிரி, மீட்டர்ல 6.8 கிலோ ஓம். ஒரு டம்ளர்ல வெந்நி வெச்சு லேப் தெர்மாமீட்டரோட சேத்து முக்கினேன், 60 டிகிரில 2.5. கணக்கு சரியா இருக்கு, இவன் மேல குத்தமில்ல. ஹீட்டர் காயில் 27 ஓம், 230 வோல்ட்டுக்கு அது 2000 வாட் கிட்ட வரும், அதுவும் சரி.

ஆனா இங்க ஒரு கிளைக்கதை. கிளாம்ப் மீட்டர்ல ஹீட்டர் ஓடுறப்ப 8.5 வரணும், எனக்கு வந்தது 7.6. சாக்கெட்ல வோல்டேஜ் பாத்தா 205. மே மாசம் ராத்திரி, தெரு முழுக்க ஏசி ஓடுது, வேற என்ன இருக்கும். இந்த மாதிரி ஹீட்டர்ல வோல்டேஜ் பத்து பர்சென்ட் இறங்குனா சூடு இருபது பர்சென்ட் இறங்கும், ஏன்னா வோல்டேஜும் குறையுது கரண்டும் குறையுது, ரெண்டும் பெருக்கல். அதனால எங்க ஏரியாவுல வெயில் காலத்துல கொஞ்சம் லேட் ஆகுறது நியாயம் தான். ஆனா மொட்டை மாடி கருப்பு டேங்க்ல இருந்து வர்ற தண்ணியே 41 டிகிரி, அது பாதி வேலையை முடிச்சுக் குடுத்துருது. ரெண்டையும் கழிச்சா ஒரு மணி நேரம் ஜாஸ்தி ஆகுறதுக்கு காரணம் இது இல்ல. அப்ப மிச்சம் இருக்கிறது கலங்கலை சொல்றவன்.

பிளக்கை எடுத்தேன், தண்ணி குழாயை மூடினேன், உள்ள தேங்கி இருந்ததை ஸ்பாஞ்ச் வெச்சு ஒத்தி எடுத்தேன்னு நினைச்சேன் (இந்த "நினைச்சேன்" பின்னாடி வரும்). மெஷினை வெளிய இழுத்து பழைய போர்வை மேல முதுகு பக்கமா சாய்ச்சேன். தனியா பண்ணாதீங்க, ஆள் வெச்சுக்கோங்க, வெயிட்டு நாப்பது கிலோவுக்கு மேல. அடித்தட்டு ஸ்குரூ ஆறு. திறந்ததும் ஒரு கரப்பான் குடும்பம் ஓடுச்சு, அதைப் பாத்து எங்க வீட்டு சின்னது கத்துன கத்துல பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்தாங்க.

சம்ப் (மெஷினுக்குள்ள தண்ணி வந்து சேர்ற குழி) அடியில, பெருவிரல் சைஸுக்கு ஒரு கருப்பு மூடி, மூணு ஒயர் போகுது. கால் சுத்து சுத்தினா லாக் விடுது, ஒரு ரப்பர் வளையத்தோட கையில வந்துருச்சு. கூடவே அரை டம்ளர் தண்ணியும் சளக்குன்னு கொட்டிச்சு. சென்சார்னா ரொம்ப பெருசா எல்லாம் இல்லைங்க. ரெண்டு பிளாஸ்டிக் கொம்பு, நடுவுல ஒரு விரல் போற சந்து. ஒரு கொம்புல கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்ஈடி, எதிர் கொம்புல அந்த வெளிச்சத்தை வாங்குற ஆளு. சந்துல தண்ணி நிக்கும். வெளிச்சம் எவ்வளவு வந்து சேருதோ அவ்வளவு தெளிவு. எங்க லேப் மீட்டர்ல பக்கவாட்டுல, 90 டிகிரில சிதறி வர்ற வெளிச்சத்தை அளந்து என்டியுன்னு கணக்கு சொல்வோம், இது அந்த அளவுக்கு நுணுக்கமா போகாது, நேரா வருதா வரலையா, அவ்வளவு தான் கேள்வி.

அந்த கொம்பு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டியது. எனக்கு வந்தது பழைய பாத்ரூம் குழாய் மூக்கு மாதிரி இருந்துச்சு, வெள்ளையா, சொரசொரன்னு, நகத்தால சுரண்டுனா மாவு உதிருது. நகத்தால சுரண்டாதீங்க, கீறல் விழுந்தா அதுவும் கலங்கல் தான். நான் ஒரு தடவை சுரண்டிட்டு தான் சொல்றேன்.

கழுவுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணணும்னு தோணுச்சு, இல்லாட்டி இது தான் காரணம்னு எப்படி தெரியும். பழைய போன் சார்ஜர்ல இருந்து 5 வோல்ட் எடுத்து ரெண்டு பின்ல குடுத்தேன், மூணாவது பின்ல மீட்டர், வெளிச்சம் ஜாஸ்தி வந்து சேந்தா வோல்ட்டும் ஜாஸ்தி காட்டும். எல்ஈடி எரியுதான்னு பாக்க மொபைல் செல்ஃபி கேமராவை காட்டினேன், கண்ணுக்குத் தெரியாதது ஸ்கிரீன்ல லேசா ஊதாவா தெரியும். எரியுது. கேன் தண்ணில முக்கினேன், 1.9 வோல்ட். அப்புறம் ஒரு கிண்ணத்துல வெந்நியில ரெண்டு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கலந்து அதுல போட்டேன். பொடிப்பொடியா சோடா மாதிரி குமிழி கிளம்புச்சு பாருங்க, அது தான் கால்சியம் கார்பனேட்டோட கையெழுத்து. அரை மணி நேரம் கழிச்சு எடுத்து மெல்லிசு துணியால துடைச்சா பளிங்கு. அதே கேன் தண்ணில இப்ப 4.2.

சும்மா விட மனசு வரல. அம்மா மத்தியானத்துக்கு அரிசி களைஞ்சுகிட்டிருந்தாங்க, அந்த கழுநீரை ஒரு டம்ளர் வாங்கி முக்கினேன். 2.0. அதாவது, உப்பு படிஞ்ச கண்ணோட மெஷின் கேன் தண்ணியைப் பாத்தப்ப அதுக்கு கழுநீர் மாதிரி தெரிஞ்சிருக்கு. நீயும் நானும் கண் புரையோட இருந்தா இப்படித் தானே சொல்வோம். டீ டிகாஷனை முக்கினா 3.9, நம்ம கண்ணுக்கு கன்னங்கரேல்னு இருக்கிறது அகச்சிவப்புக்கு கண்ணாடி தான், கரைஞ்ச சாயத்தை அது கண்டுக்கிறதே இல்ல, மிதக்குற துகளையும் எண்ணெய்ச் சொட்டையும் மட்டும் தான் பாக்கும். மஞ்சள் தண்ணியும் அப்படித் தான் கடந்து போச்சு. பிளாஸ்டிக் டப்பாவுல மஞ்சக் கறை ஏன் இந்த மெஷின் கணக்குலயே வரலைன்னு அன்னிக்கு புரிஞ்சுது.

நாலு வருஷமா நல்லா ஓடினது ஏன் ஒரே வாரத்துல கெட்டுச்சுன்ற கேள்வி எனக்கும் இருந்துச்சு. பல மெஷின்ல கடைசி அலசல் தண்ணியை "இது தான் சுத்தம்"னு வெச்சுகிட்டு, அதுக்குத் தக்க மாதிரி எல்ஈடி வெளிச்சத்தை கூட்டிக் குறைச்சு தன்னைத் தானே சரி பண்ணிக்கும். படலம் கொஞ்சம் கொஞ்சமா ஏற ஏற வெளிச்சத்தை கூட்டி கூட்டி சமாளிக்கும். ஒரு நாள் இதுக்கு மேல கூட்ட முடியாதுன்னு எல்லை வந்துரும். அன்னிக்கு ராத்திரில இருந்து தான் நமக்குத் தெரியுது.

சரி, சென்சார் மேல படிஞ்ச அந்த உப்பு எங்க இருந்து வந்துச்சு. வேலூர்க்காரனுக்கு இது ஒரு கேள்வியா. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறுன்னு ஊர்ப்பேச்சே இருக்கு, பாலாறுல மணலைத் தான் பாக்குறோம், மெஷினுக்கு வர்றது முழுக்க வீட்டு போர் தண்ணி. காவேரி தண்ணி முறை வெச்சு தான் வருது, அது குடிக்க சமைக்க. லேப்ல இருந்து ஒரு செட் எடுத்துட்டு வந்து ரெண்டு தண்ணியோட கடினத்தன்மையையும் அளந்தேன். சொட்டு சொட்டா இடிடிஏ (கால்சியம் மெக்னீசியத்தைப் புடிச்சுக்குற கரைசல்) விட்டுகிட்டே வந்தா ஒயின் சிவப்பா இருக்கிறது ஒரே சொட்டுல நீலமா மாறும், எத்தனை வருஷம் பண்ணாலும் அந்த சொட்டு பாக்க அலுக்காது. போர் தண்ணிக்கு அந்த நீலம் வர்றதுக்குள்ள கை வலிச்சுருச்சு. 620 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு அர்த்தம்). காவேரி தண்ணி 130.

மெஷினுக்குள்ளயே ஒரு சாஃப்ட்னர் இருக்கு. பிசின் மணி நிறைஞ்ச ஒரு டப்பா, தண்ணில இருக்கிற கால்சியம் மெக்னீசியத்தை புடிச்சு வெச்சுகிட்டு பதிலுக்கு சோடியத்தை விடும். மணி நிறைஞ்சு போனா உப்புத் தண்ணியால அலசி விட்டா திரும்ப புதுசு. எத்தனை தடவைக்கு ஒருக்கா அலசணும்னு மெஷினுக்கு நாம சொல்லணும், அது தானா தெரிஞ்சுக்காது. அந்த செட்டிங் ஜெர்மன் டிகிரின்ற கடினத்தன்மை கணக்குல இருக்கும் (சூட்டு டிகிரி இல்ல), ஒரு டிகிரின்னா 17.8 பிபிஎம், அப்ப நம்ம போர் தண்ணி கிட்டத்தட்ட 35 டிகிரி. செட்டிங்ல போய் பாத்தா 13ல இருந்து 16 டிகிரிக்கு வெச்சிருக்கு. கம்பெனில இருந்து வந்தபடியே இருக்கு, மாட்டிக் குடுத்த ஆள் தண்ணி என்னன்னு கேக்கவும் இல்ல, எனக்கும் உறைக்கல. அப்ப பாதி ஓட்டத்துல பிசின் நிறைஞ்சு போய், மிச்ச ஓட்டம் எல்லாம் போர் தண்ணி நேரா உள்ள போயிருக்கு, 65 டிகிரில காய்ச்சி, டம்ளர் மேலயும் சென்சார் கண்ணு மேலயும் பூசி விட்டிருக்கு.

இன்னொரு விஷயமும் வெளிய வந்துச்சு. சாஃப்ட்னரை அலசப் போடுற உப்பு தீந்தப்ப எல்லாம் எங்க வீட்ல கடையில கிடைக்கிற கல்லு உப்பை போட்டிருக்காங்க. அது கடல் உப்பு, அதுலயே மெக்னீசியமும் கால்சியமும் மண்ணும் கலந்திருக்கும், எதை வெளியேத்தணுமோ அதையே உள்ள போடுற மாதிரி. பாக்கெட் அயோடின் உப்பும் வேணாம், கட்டி ஆகாம இருக்க சேக்குற பொருள் பிசினை அடைக்கும். டிஷ்வாஷர் உப்புன்னு விக்கிறது வெறும் சுத்தமான சோடியம் குளோரைடு தான், கொஞ்சம் பெரிய மணியா. விலை கசக்குது, என்ன பண்றது. செட்டிங்கை 31ல இருந்து 50 டிகிரின்ற மேல்மட்டத்துக்கு வெச்சேன், உப்பு ரொப்பினேன்.

திரும்ப மாட்டி, நிமித்தி வெச்சு, பிளக்கை போட்டா டிரெயின் பம்ப் மட்டும் "ம்ம்ம்ம்"னு ஓடுது, நிக்கவே மாட்டேங்குது. எந்த பட்டனுக்கும் மசியல. அம்மா வந்து நின்னு பாத்துட்டு, "இன்னாடா, நல்லா ஓடிகினு இருந்ததையும் கெடுத்துட்டியா"ன்னு கேட்டாங்க. ஒம்பதாயிரம் கண்ணு முன்னாடி வந்து போச்சு. பத்து நிமிஷம் வேர்த்து வழிஞ்சதுக்கு அப்புறம் தான் உறைச்சுது, சென்சாரை கழட்டும்போது கொட்டுன அந்த அரை டம்ளர். அடித்தட்டுல தெர்மாகோல் மிதவை ஒண்ணு இருக்கும், தட்டுல தண்ணி தேங்குனா அது மேல வந்து சுவிட்சை அமுக்கும், எங்கயோ லீக்குன்னு நினைச்சு மெஷின் மத்த எல்லாத்தையும் நிறுத்திட்டு தண்ணியை வெளிய தள்ளிகிட்டே இருக்கும். நல்ல பாதுகாப்பு தான், வீடு நனையாம இருக்க. பிளக்கை எடுத்து, திரும்ப சாய்ச்சு, துணி விட்டு ஒத்தி, டேபிள் ஃபேனை ஒரு மணி நேரம் அடியில காட்டினேன். ஓடுச்சு. கழட்டுறவங்க முதல்லயே தட்டைத் துடைச்சுட்டு மூடுங்க.

சிட்ரிக் ஆசிட் ஒரு 150 கிராம் அடியில போட்டு காலியா ஒரு தடவை சூட்டுல ஓட்டி உள்ள எல்லாத்தையும் சுத்தம் பண்ணினேன். அடுத்து வெறும் தண்ணியோட காலி ஓட்டம்: 1 மணி 29 நிமிஷம். 11ஆவது நிமிஷத்துல நின்னு படிச்சுது, கொட்டல, அதே தண்ணியோட மேல போச்சு. ஸ்டூல்ல உக்காந்தபடி ஒரு விசில் அடிச்சேன். அன்னிக்கு ராத்திரி சாதாரண லோடு 1:53.

இதோட முடிஞ்சிருந்தா இந்த பதிவு பாதியில நின்னிருக்கும். களிக் குண்டான் வந்துச்சு.

எங்க அம்மாவுக்கு வாரத்துல ரெண்டு நாள் கேழ்வரகு களி இல்லாட்டி சோறு இறங்காது. களி, கீரைக் கடைசல், இல்லாட்டி கருவாட்டுக் குழம்பு. களி கிண்டுன ஸ்டீல் குண்டான் ஓரத்துல ஒட்டிகிட்டு காயும் பாருங்க, அது சிமெண்டு. அதை காயவிட்டு, நாலு டம்ளரோட சேத்து ஆட்டோவுல போட்டேன், புது கண்ணு கிடைச்ச மெஷின் எப்படி பண்ணுதுன்னு பாக்க. 1:38ல முடிச்சுது. சீக்கிரமா முடிச்சுருச்சேன்னு சந்தோஷமா திறந்தா குண்டான்ல களி அப்படியே, ஈரமா, பளபளன்னு.

ஒரு நிமிஷம் குழம்பிட்டேன், அப்புறம் தான் விளங்குச்சு. சென்சார் பாக்குறது தண்ணியை. குண்டானை இல்ல. காஞ்ச களி பத்து நிமிஷத்துல தண்ணிக்கு வரவே இல்ல, மெஷின் படிச்ச நேரத்துல தண்ணி தெளிவு, ஓ லேசான அழுக்கு தான் போலன்னு சூட்டை 50 பக்கமே நிறுத்திட்டு அவசரமா முடிச்சுருச்சு. உப்பு படிஞ்ச கண்ணோட இல்லாத அழுக்கைப் பாத்துச்சு, நல்ல கண்ணோட இருக்கிற அழுக்கை விட்டுருச்சு.

அடுத்த களி நாள், அதே குண்டானை, தேய்க்காம, வெறுமனே தண்ணி ஊத்தி இருபது நிமிஷம் வெச்சுட்டு, அந்த தண்ணியை மட்டும் கவுத்துட்டு உள்ள வெச்சேன். மாவுச்சத்து ஊதிப் போய் முன் அலசல்லயே பெயர்ந்து வந்துருச்சு, தண்ணி சாந்து மாதிரி கலங்கிருக்கும், மெஷின் கொட்டுச்சு, புதுசா எடுத்துச்சு, 65க்கு போச்சு, 2:18. குண்டான் சுத்தம். மூணாவது தடவை காஞ்ச களியோட ஈகோ (Eco) புரோகிராம்ல போட்டேன், 50 டிகிரில மூணு மணி நேரத்துக்கு மேல. அதுவும் சுத்தம். சோப்பு மாத்திரையில இருக்கிற என்சைம்ல ஒண்ணு மாவுச்சத்தை அறுக்கும், இன்னொண்ணு முட்டை பால் மாதிரி புரதத்தை அறுக்கும், ரெண்டுக்கும் 50, 55 டிகிரில நிதானமா டைம் குடுத்தா போதும். அவசரமா 70க்கு ஏத்துனா என்சைம் செத்துரும், முட்டை பாத்திரத்தோட வெந்து ஒட்டிக்கும். சூடு ஜாஸ்தின்னா சுத்தம் ஜாஸ்தின்னு நானும் நினைச்சுகிட்டிருந்தவன் தான். எண்ணெய்க்கு அது சரி, பிரியாணி செஞ்ச அன்னிக்கு, கத்திரிக்கா தொக்கு வெச்ச சட்டிக்கு 70 தான் லாயக்கு. களிக்கு நேரம் தான் மருந்து. அலுமினியக் குண்டானை மட்டும் எதுலயும் போட்டுறாதீங்க, சோப்புல இருக்கிற காரம் அதை கருக்கிரும், எங்க வீட்ல ஒண்ணு போயாச்சு.

காயறதைப் பத்தி ரெண்டு வரி. கடைசி அலசல் சூட்டுல பாத்திரம் தானே ஆவியை விட்டு, அது ஓரத்துல இருக்கிற ஆறுன சுவத்துல பட்டு தண்ணியா வழிஞ்சு இறங்கணும். என் மெஷின்ல சுவத்துக்குப் பக்கத்துல பச்சைத் தண்ணி ரொப்பி ஆற வைக்கிற ஏற்பாடு. 41 டிகிரி தண்ணியை வெச்சு எதை ஆற வைக்கிறது. மே மாசத்துல விடியக்காலை அஞ்சு மணிக்கு போடுறோம், டேங்க் தண்ணி கொஞ்சமாவது ஆறியிருக்கும், முடிஞ்சதும் கதவை ஒரு சாண் திறந்து விட்டுர்றோம். ஜூலைல பழையபடி ராத்திரிக்கு மாத்திகிட்டோம்.

மிச்சம் இருக்கிறது அம்மா. அவங்களுக்கு எச்சில் தட்டை அப்படியே உள்ள வைக்க மனசு வராது, "மிஷினுக்கு எச்ச தட்டு போடுவாங்களாடா"ன்னு சொல்லி எல்லாத்தையும் குழாய்ல தேய்ச்சு அலசிட்டு தான் அடுக்குவாங்க. அப்படி பண்ணா தண்ணி தெளிவா இருக்கும், மெஷின் லேசா எடுத்துக்கும், தட்டுக்கு நடுவுல எங்கயாவது ஒட்டிகிட்டிருக்கிற ஒரு பருக்கையும் அப்படியே நிக்கும், தண்ணியும் ரெண்டு மடங்கு செலவு. அலசாதீங்க, எச்சத்தை குப்பையில வழிச்சுட்டு அப்படியே வைங்கன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன், சரி சரின்னு தலையாட்டுவாங்க. சத்தியமா இப்ப எல்லாம் அலசுறதே இல்லன்னு போன வாரம் என் வீட்டுக்காரம்மா கிட்ட சொல்லிருக்காங்க.

நேத்து ராத்திரி எட்டு தட்டு, ரெண்டு சட்டி, சாம்பார் கிண்ணம் எல்லாம் சேத்து ஃபுல் லோடு. 1:31ல பீப் அடிச்சுருச்சு. நான் திரும்பி அம்மாவைப் பாத்தேன். அவங்க டிவியை விட்டு கண்ணை எடுக்கவே இல்ல.